நொதியை மின்முனையில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததா?

கேள்வி: நொதிகளை (என்சைம்) மின்முனையில் (எலக்ட்ரோடு) ஒட்டி ஆய்வு செய்பவர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள்? பயோடெக் படித்தவர்களுக்கு இதில் இடம் உண்டா?

சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான்காவது வருடமாக இதே பிழைப்புதான். ஒட்டுவது பெரிய காரியமில்லை. நொதிக் கரைசலோடு கொஞ்சம் ஆல்புமின் புரதமும், புரதங்களைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடும் கலந்து, கார்பன் மின்முனைமேல் 5 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்தால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஒட்டிய பிறகும் நொதி வேலை செய்கிறதா, வருகிற மின்னோட்டம் அதனுடையதுதானா என்று தேடுவதில்தான் என் நாட்கள் போகின்றன.

இதை அம்மாவுக்குப் புரியவைக்க, அவர் கையில் இருப்பதையே காட்டினேன். ஜூரோங் வெஸ்ட் வீட்டில் காலை கோப்பிக்கு முன்னால் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பார். "7.8தான்" என்று தஞ்சாவூர் அத்தைக்குப் போன் போடுவார். அத்தை அங்கிருந்து, "எனக்கு 140 அண்ணி" என்று அழுவார். அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல், அங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். 18ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே என்று நான் சொன்னதிலிருந்து அந்தப் போன் கொஞ்சம் குறைந்துவிட்டது.

அம்மா ரத்தச் சொட்டைத் தொட்டுவைக்கும் அந்தப் பரிசோதனைப் பட்டையின் நுனியில் காய்ந்து கிடப்பது நொதி. பெரும்பாலும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அல்லது குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ். ரத்தத்தின் குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களை அது பிடுங்குகிறது. அவை மின்முனைக்கு வந்தால் மின்னோட்டம், மின்னோட்டத்திலிருந்து அந்த 7.8. ஆனால் நேராக வராது. குளுக்கோஸ் ஆக்சிடேஸில் எலக்ட்ரானை வைத்திருக்கும் எஃப்ஏடி என்ற பகுதி, பலாச்சுளை மாதிரி உள்ளே, மேற்பரப்பிலிருந்து சுமார் ஒன்றரை நானோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. புரதத்துக்குள் எலக்ட்ரான் ஒரே தாவலில் கடக்கிற தூரமோ ஏறக்குறைய 1.4 நானோமீட்டர். போதாக்குறைக்கு நொதியின் வெளியே சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு போர்வை வேறு.

அதனால் ஆரம்பத்தில் யாரும் எலக்ட்ரானை நேராகக் கேட்கவில்லை. 1962இல் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் சொன்ன வழி, நொதி எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றது என்று அளப்பது. 1984இல் ஃபெர்ரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைத் தூது அனுப்பினார்கள்: உள்ளே போய் எலக்ட்ரானை வாங்கி, மின்முனையில் கொடுத்துவிட்டுத் திரும்பும். இன்றைய பட்டைகளிலும் ஏதோ ஒரு தூதுப்பொருள் இருக்கிறது. கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் வைத்திருக்கும் வட்ட சென்சார் ஒன்றில், ஆடம் ஹெல்லர் உருவாக்கிய ஆஸ்மியம் பாலிமர் நொதிக்கு ஒயர் போலப் பயன்படுகிறது.

தூதே இல்லாமல் நேரடியாக எலக்ட்ரான் வாங்கிக் காட்டவேண்டும் என்ற ஆசை எனக்கும் வந்தது. கார்பன் நானோகுழாய்மேல் நொதியை ஏற்றி, வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையை ஒப்பீட்டுக்கு வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைந்தேன். மைனஸ் 0.45 வோல்ட் பக்கத்தில், எஃப்ஏடி எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் இடத்தில், அழகான இரண்டு மேடுகள். ராத்திரி பத்து மணிக்கு அதைப் படம்பிடித்து குரூப்பில் போட்டேன். எங்கள் லேபின் மூத்தவர், மதுரைக்கார அக்கா, ஒரே வரிதான் எழுதினார்: "தம்பி, குளுக்கோஸ் ஊத்திப் பாத்தியா?"

மறுநாள் நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டிவிட்டு குளுக்கோஸ் ஊற்றினேன். நொதி நேரடியாக எலக்ட்ரான் கொடுத்திருந்தால் மின்னோட்டம் ஏறவேண்டும். அசையவில்லை. பிறகு நொதியைக் கொதிக்கவைத்து ஏற்றினேன். மேடு அப்படியே இருந்தது. செத்த நொதி எப்படி எலக்ட்ரான் கொடுக்கும்? நொதியிலிருந்து கழன்று கார்பனில் ஒட்டிய எஃப்ஏடிதான் அது. நொதிப் பொடிக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதும் இதே எஃப்ஏடிதான்! நான் மட்டும் ஏமாறவில்லை: இயல்பான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நானோகுழாயிலோ கிராஃபீனிலோ நேரடியாக எலக்ட்ரான் கொடுப்பதாக வந்த கட்டுரைகளுக்குச் சான்றே இல்லை என்று மின்வேதியியலாளர் பிலிப் பார்ட்லெட்டின் குழு 2018இல் எழுதியது. இந்த ஆசை இருந்தால் செல்லோபயோஸ் டீஹைட்ரஜனேஸ் போன்றதை எடுங்கள். அதில் எலக்ட்ரானை வெளியே கொண்டுவர ஹீம் என்ற இரும்புள்ள தனிப் பகுதியே உண்டு.

உடம்பின் சர்க்கரையிலேயே ஓடும் பேட்டரி பற்றியும் கேட்பார்கள். ஓடும், ஆனால் நொதி நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ களைத்துவிடும். இதய பேஸ்மேக்கர் பேட்டரி வருடக்கணக்கில் உழைக்கிறது. இப்போதைக்கு அந்தப் பக்கம் போக எனக்கு மனமில்லை.

பயோடெக் படித்தவர்களுக்கு இடம் உண்டா? தாராளமாக. ஆனால் முதல் சில மாதங்கள் நொதியைத் தொடவே விடமாட்டார்கள். அலுமினாப் பொடிக் குழம்பில் மின்முனையை எட்டுப் போட்டுத் தேய்க்கவேண்டும். கழுவி, ஃபெர்ரிசயனைடு என்ற சோதனைக் கரைசலில் அதேபோல மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, இரு மேடுகளுக்கும் இடைவெளி பார்க்கவேண்டும். ஏட்டுக்கணக்கு 59 மில்லிவோல்ட். எனக்கு முதல் வாரம் 140 வந்தது, அத்தையின் சர்க்கரை மாதிரி. அது 70க்குக் கீழே இறங்கிய அன்றுதான் அக்கா நொதி இருக்கும் ஃப்ரீசரின் சாவியைக் கொடுத்தார்.