அப்பச்சிக்குச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "காரைக்குடி பக்கம் கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) மட்டும்தான். நேற்றுக் காலை அப்பச்சி கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது, பேச்சும் குழறியிருக்கிறது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டதாம். வயது 66, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. 'அசதியா இருக்கும், விடு' என்கிறார்கள் ஆத்தா. டாக்டரிடம் போக வேண்டுமா?"

போக வேண்டும், இன்றைக்கே. முதலில் ஊருக்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை ஒரு சின்ன ரத்தக்கட்டி அடைத்து, பிறகு தானாகவே கரைந்திருக்கலாம். இதை மினி ஸ்ட்ரோக் என்போம். கட்டி கரைந்தாலும் அதை உண்டாக்கிய கோளாறு, கழுத்து ரத்தக் குழாயில் படிந்த கொழுப்போ சீரில்லாத இதயத் துடிப்போ, உள்ளே அப்படியேதான் இருக்கும். பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம், அதில் பாதி இப்போதே போய்விட்டது. ஸ்கேன், ஈசிஜி, கழுத்து ரத்தக் குழாய் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகச் சொல்லுங்கள்.

மறுபடி வந்தால்? சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும், இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்கும், பேச்சு குழறும். இதில் ஒன்று திடீரென வந்தாலே போதும், 108ஐக் கூப்பிட வேண்டியதுதான். திடீரென்று கண் தெரியாமல் போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் அப்படித்தான். வீட்டில் மெஷின் இருந்தால் சுகர் பார்க்கலாம், ஏனென்றால் சுகர் இறங்கினாலும் பேச்சு குழறும், ஆனால் அதற்காக வண்டியைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் தேய்த்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து நேரத்தை விட்டவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகலாம், அதனால் ஸ்கேனும் இந்த ஊசியும் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து வையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், அதை ஆத்தா குறித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. சிங்கப்பூரிலிருந்து நீங்கள் 108 அடிக்க முடியாது, எனவே பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் உங்களிடம் இருக்கட்டும். நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன, ஆம்புலன்ஸ் பின்வாசலில் வந்து நின்றால் முகப்பில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முன்வாசல் எந்தத் தெருவில், பக்கத்தில் என்ன கோயில் என்று பெரிய எழுத்தில் எழுதி, அப்பச்சி சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் சேர்த்து, போன் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.