வெளுத்த பம்பரை வீசிவிடலாமா?

கேள்வி: 1992 மாடல் மாருதி 800 காரைப் பழையபடி தயார் செய்கிறேன். டிங்கரிங், பெயின்ட் வேலை முடிந்துவிட்டது. பெயின்ட் அடிக்காத கறுப்பு பம்பர்கள் இரண்டும் சாம்பல் பூத்திருக்கின்றன. முன் பம்பரின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கிரில்லில் அதை மாட்டும் இரண்டு காதுகள் ஒடிந்துவிட்டன. "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடலாம்" என்கிறார் பட்டறைக்காரர். என்ன செய்யட்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று பழுதுமே சரி செய்யக்கூடியவை. மாற்று பம்பர்களில் பல, அசலைவிட மெலிசாக இருக்கும். போல்ட் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அமைந்து, ஃபென்டர் பக்கம் இடைவெளி கோணலாகத் தெரியும். எல்லாவற்றையும்விட, அசல் பம்பரின் மேல் உள்ள அந்த மெல்லிய சொரசொரப்பு அச்சு அவற்றில் அப்படியே வராது. இன்னொன்று: 1997-இல் இந்தக் காரின் முகப்பு மாறிவிட்டது. அதற்குப் பிந்தைய பாகத்தை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம்.

முதலில் எந்த பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். பாகத்தின் உள்பக்கம் பிபி (PP), ஏபிஎஸ் (ABS) போன்ற பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பாகங்களில் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் மறைவான இடத்தில் நகத்தளவு சீவி, ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், அதாவது பிபி. மூழ்கினால் உடனே ஏபிஎஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். டால்க் என்னும் கல்மாவு கலந்த பிபியும் மூழ்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சை உள்பக்கம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ். பம்பர் பெரும்பாலும் பிபியாகவும் கிரில் ஏபிஎஸ்ஸாகவும் இருக்கும்.

பம்பர் விரிசலை எபாக்சி பசை போட்டு ஒட்டவே கூடாது. பிபி மேல் பசை பிடிக்காது. காய்ந்ததும் தகடுபோல உரிந்து வரும். விரிசல் முடியும் நுனியில் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். பின்புறத்தில் விரிசல் நெடுக, கனத்தில் பாதி ஆழத்துக்கு 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டை சால்டரிங் அயர்னால் உள்ளே அமிழ்த்துங்கள். அதன் மேல் பிபி கம்பியை (பிபி பிளாஸ்டிக்காலேயே ஆன கம்பி) உருக்கி நிரப்புங்கள். கம்பி கிடைக்காவிட்டால் காயலான் கடையில் உடைந்த பிபி பம்பர் வாங்கி, 5 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளலாம். புகை வந்தால் பிளாஸ்டிக் கருகுகிறது என்று பொருள். அந்த இடம் பிடிக்காது. முன்பக்கம் கோடு லேசாகத் தெரியத்தான் செய்யும். அதற்காக பட்டி பார்த்துத் தேய்க்கக் கிளம்பாதீர்கள். அச்சு போனால் போனதுதான்.

சாம்பல் பூப்பது வெயிலின் வேலை. புற ஊதாக் கதிர் மேல்தோலைச் சிதைத்து மாவாக்குகிறது. அடியில் நிறம் அப்படியே இருக்கும். ஹீட் கன் காட்டினால் நொடியில் கறுக்கும், அந்த மயக்கத்துக்கு ஆளாக வேண்டாம். மேல்தோலை உருக்கித்தான் அந்தக் கறுப்பு வருகிறது. திட்டுத் திட்டாக மினுங்கும், அச்சு மழுங்கும், கொஞ்ச மாதத்தில் மறுபடி வெளுக்கும். சிலிக்கான் பாலிஷ் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு அது பாடியில் பட்டுவிட்டால், அடுத்து அடிக்கும் பெயின்ட் குழி குழியாக விழும்.

பாத்திர சோப்பு, நைலான் பிரஷ் கொண்டு இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் பழைய பாலிஷ் போய்விட்டது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் பிளாஸ்டிக் ட்ரிம் டையை (கறுப்பு பிளாஸ்டிக்குக்கான சாயம்) நிழலில் மெலிசாக இரண்டு கோட் கொடுங்கள். சாதா பெயின்ட் வேண்டாம். பிளாஸ்டிக் ப்ரைமர் இல்லாமல் அடித்தால் பிபியிலிருந்து செதில் செதிலாக உரியும்.

கிரில் காதுக்கு வழி சுலபம். வீணான ஏபிஎஸ் துண்டுகளைச் சீவி, சுத்தமான அசிட்டோனில் இரவு முழுக்க ஊறவிட்டால் தேன் பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெய் கலந்திருக்கலாம், அது உதவாது. ஒடிந்த காது கையில் இருந்தால் அதையே பொருத்தி, பின்புறம் மட்டும் கூழை மெல்லிய அடுக்குகளாகத் தடவி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். மொத்தமாக அப்பினால் உள்ளே காயாது. முன்பக்கம் ஒரு சொட்டுப் பட்டாலும் பளபளப்பு போய்விடும். அசிட்டோன் குபீரென்று பற்றும். காற்றோட்டமான இடமாகப் பாருங்கள்.

காது காணாமலே போய், தாங்கும் சட்டமும் நொறுங்கியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் முதலில் பழைய காரிலிருந்து கழற்றிய அசலைத் தேடுங்கள்.

கேள்வி: டோர் பேட் (கதவின் உள்பக்க அட்டை) கழற்றினால் பாதி கிளிப் ஒடிகிறது. திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றுகிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: பழைய பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது மொறமொறவென்று இருக்கும். காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். பேடின் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் நெம்பியை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே நுழைத்துத் தூக்குங்கள். கிளிப் மட்டும் அசலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தேவைக்கு மேல் நான்கைந்து சேர்த்துப் புதிதாக வாங்கிவையுங்கள். ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் ஒவ்வொரு முறையும் புதுப் புரி வெட்டித் துளையைத் தின்றுவிடும். முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அதுதான் பழைய புரி. அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கி, இறுகியதும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பின் விளக்குக் கண்ணாடியைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். சிலந்தி வலைபோலக் கீறல் விழுந்துவிட்டது. தேய்த்தால் போகுமா?
– வாசகர், சென்னை

பதில்: போகாது. அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். தின்னரும் பெட்ரோலும் பட்டால் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். மேலோட்டமான கீறலாக இருந்தால் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். உங்களுடையதை மாற்றத்தான் வேண்டும். புதியதைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள்.