புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கம்ப்யூட்டர் படுத்துடுச்சா?

கேள்வி: சார், நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறேன். என்கிட்ட இருக்கிறது ஐ5 4590 ப்ராசசர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் ஒரு சாட்டா எஸ்எஸ்டில இருக்கு. இத்தனை வருஷமா ஜிடிஎக்ஸ் 750 டிஐ ஓடிச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல. போன மாசம் அதைக் கழட்டிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 போட்டேன், அன்னிலேருந்து நிம்மதி போச்சு. ஆன் ஆகவே முன்ன விட மூணு மடங்கு நேரம் எடுக்குது, ஒரு ஃபோல்டர் திறந்தா கூட வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, கேம் போட்டா பத்து நிமிஷத்துல ஸ்கிரீன் கருப்பாகி தானா ரீஸ்டார்ட் ஆகுது. விண்டோஸ ரெண்டு தடவ புதுசா போட்டுப் பார்த்துட்டேன், டிரைவர் நாலஞ்சு வெர்ஷன் மாத்திட்டேன். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி 450 வாட், அதுல கார்டுக்குப் போற 8 பின் வயர் இல்லாததால ரெண்டு மோலெக்ஸ (பழைய 4 பின் பவர் கனெக்டர்) சேர்த்து 8 பின்னா மாத்துற கன்வெர்ட்டர் போட்டிருக்கேன். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரோட போட்டோவும், கேபினெட் உள்ள எடுத்த போட்டோவும் அனுப்பியிருக்கேன். கார்டு டிஃபெக்ட்டா? திருப்பிக் கொடுத்துடட்டுமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு கார்டைத் திருப்பிக் கொடுக்க வேணாம். முதல்ல அந்த மோலெக்ஸ் கன்வெர்ட்டரைக் கழட்டுங்க, மீதியை அப்புறம் படிங்க, பழைய 750 டிஐ கையில இருந்தா அதையே போட்டு ஓட்டுங்க.

உங்க லெட்டரைப் படிச்சதும் எனக்குப் பட்டது, நீங்க ரெண்டு கோளாறை ஒண்ணா நினைச்சுக் குழம்பிட்டு இருக்கீங்க. ஃபோல்டர் திறக்கவே இழுக்கிறது ஒரு கோளாறு, கேம்ல ரீஸ்டார்ட் ஆகிறது வேற கோளாறு. ரெண்டும் ஒரே நாள்ல ஆரம்பிச்சதால ஒரே காரணம்னு தோணுது, ஆனா அன்னிக்கு நீங்க கார்டை மட்டும் மாத்தல, கேபினெட்டைத் திறந்து உள்ள கையை விட்டு வயரையெல்லாம் நகர்த்தியிருக்கீங்க, அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

முதல்ல ரீஸ்டார்ட். உங்க ஸ்டிக்கர் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். மேல பெரிய எழுத்துல 450 வாட்னு இருக்கு, அதை மறந்துடுங்க. கீழ சின்ன கட்டத்துல 12 வோல்ட்டுக்கு நேரா 18 ஆம்பியர்னு போட்டிருக்கான் பாருங்க, அதுதான் நமக்கு வேண்டிய நம்பர். 18ஐ 12ஆல பெருக்குனா 216 வாட். மீதியெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட்னு வேற லைன்ல இருக்கிறதக் கூட்டிக் காட்டினது, அதால கார்டுக்கும் ப்ராசசருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா இவங்க ரெண்டு பேரும் குடிக்கிறது 12 வோல்ட்ல இருந்துதான்.

இப்ப கணக்குப் போடுங்க. உங்க ஐ5 4590க்கு 84 வாட். பழைய 750 டிஐக்கு 60 வாட். ரெண்டும் சேர்ந்து 144, அதனாலதான் இத்தனை வருஷம் சத்தமில்லாம ஓடிச்சு. 750 டிஐக்குத் தனி பவர் வயரே தேவைப்படல, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரைக்கும் கொடுக்கும், அதுக்குள்ள அது அடங்கிடுச்சு. 3060க்கு 170 வாட். 84ஐயும் 170ஐயும் கூட்டினா 254, உங்க எஸ்எம்பிஎஸ்கிட்ட இருக்கிறது 216, இன்னும் ஃபேன், எஸ்எஸ்டி, மதர்போர்டு எதையும் சேர்க்கல. அதோட இந்தக் காலத்து கார்டுங்க கண்ணிமைக்கிற நேரத்துக்கு தன் ரேட்டிங்க விட நல்லாவே மேல இழுக்கும், அந்த நேரத்துல எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிடும், இல்ல வோல்ட்டேஜ் சரிஞ்சு சிஸ்டம் விழும். டெஸ்க்டாப்ல ரீஸ்டார்ட் ஆகாம கேம்ல மட்டும் ஆகிறதுக்கு இதுதான் காரணம்.

சந்தேகம் இருந்தா நீங்களே ஊர்ஜிதம் பண்ணிக்கலாம். விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிஞ்சு வெக்கிற ஈவென்ட் வியூவர் திறந்து சிஸ்டம் லாக்ல கெர்னல் பவர் 41னு சிவப்புல இருக்கிறதைத் தேடுங்க, அதோட டீட்டெயில்ஸ்ல பக்செக் கோடு 0ன்னு இருந்தா, நீலத் திரை காட்டக்கூட நேரமில்லாம சிஸ்டம் போயிடுச்சுன்னு அர்த்தம். பெரும்பாலும் கரண்ட் விஷயம்தான், சில சமயம் சிஸ்டம் அப்படியே உறைஞ்சு போனாலும் இதே மாதிரி பதிவாகும். நல்ல எஸ்எம்பிஎஸ்ல இந்த கார்டு போட்டிருக்கிறவங்க இதே மாதிரி விழுந்துதுன்னா ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல கார்டோட பவர் லிமிட்ட 70 சதவீதத்துக்குக் குறைச்சு ஒரு மணி நேரம் விளையாடிப் பாக்கலாம், விழாம இருந்தா சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல திரும்பும். உங்க கன்வெர்ட்டரோட இந்த டெஸ்ட் வேணாம், அதனாலதான் கழட்டச் சொன்னேன்.

கன்வெர்ட்டர் விஷயத்துல நான் பிடிவாதமா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 8 பின் கனெக்டர்ங்கிறது 150 வாட்டுக்கு டிசைன் பண்ணது. உங்க போட்டோல ரெண்டு மோலெக்ஸும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற ஒரே வயர்லதான் தொங்குது, அதாவது ஒத்தை மஞ்சள் வயர்தான் மொத்த சுமையும் தூக்குது. மோலெக்ஸ் பின் லூசா இருந்தா அந்த இடத்துல சூடு ஏறும், வெள்ளை பிளாஸ்டிக் முதல்ல பழுப்பாகும், அப்புறம் உருகும். கழட்டினதும் உள்பக்கம் பாருங்க, லேசா மஞ்சளடிச்சிருந்தா கூட அந்த வயரைத் திரும்ப எதுக்கும் யூஸ் பண்ணாதீங்க. சாட்டா பவர்ல இருந்து 8 பின்னுக்கு மாத்துற வயர் இன்னும் மோசம், சாட்டா கனெக்டரோட 12 வோல்ட் பின் மொத்தமா 4.5 ஆம்பியர்தான் தாங்கும், 54 வாட், அதுகிட்ட போய் 150 வாட் கேட்டா என்ன ஆகும்?

புது எஸ்எம்பிஎஸ் வாங்கித்தான் ஆகணும். இந்த கார்டுக்கு என்விடியா சொல்றது 550 வாட். வாட்டை மட்டும் பாக்காதீங்க, 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர்னு பாருங்க, 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்லேயே இருக்கான்னு பாருங்க. 80 பிளஸ் ஸ்டிக்கர் எவ்வளவு கரண்ட்ட வீணாக்காம மாத்துதுங்கிறதுக்குத்தான், அது இருந்தாலே தரமான சரக்குன்னு ஆயிடாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸ ஆர்வத்துல பிரிச்சுடாதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

இப்ப அந்த மந்தத்துக்கு வர்றேன், எஸ்எம்பிஎஸ் மாத்தினாலும் இது போகாதுன்னுதான் நினைக்கிறேன். ரெண்டு தடவ விண்டோஸ் போட்டும் ஃபோல்டர் இழுக்குதுன்னா விண்டோஸ் மேல தப்பு இல்ல. உங்க உள் போட்டோவைப் பாருங்க, 3060 அந்த 750 டிஐ விட ரொம்ப நீளம், அதோட முனை மதர்போர்டு ஓரத்துல இருக்கிற சாட்டா போர்ட்டுங்க மேல வந்து நிக்குது. அங்க ஒரு சிவப்பு கேபிள் கார்டுக்கு அடியில நசுங்கி எல் மாதிரி மடிஞ்சு கிடக்கு. அதுதான் உங்க எஸ்எஸ்டி கேபிளா இருக்கணும்.

எனக்கு இதே அனுபவம் உண்டு. சில வருஷம் முன்ன பெரிய கார்டு ஒண்ணு மாத்தினேன், மூணு நாள் போராடினேன், டிரைவர், பயாஸ், விண்டோஸ்னு எல்லாத்தையும் மாத்தினேன், கார்டு வித்தவங்ககிட்ட சண்டை போடாத குறை. மூணாவது நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா சாட்டா கேபிளோட தலை ஒரு பக்கம் நெம்பி, ஒரு மில்லிமீட்டர் வெளிய வந்திருக்கு. சொருகினேன், ஒரு நிமிஷத்துல சரியாச்சு. அதுலேருந்து யார் கார்டு மாத்தினாலும் மூடியைப் போடறதுக்கு முன்ன எல்லா கேபிளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

கேபிள் நெம்பினா டிஸ்க் முழுசா செத்துடாது, அதனாலதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். டேட்டா தப்பா போய்ச் சேரும், திரும்ப அனுப்பும், மறுபடி தப்பும். டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு காட்டும், ஆனா படிக்கிற வேகம் பார்த்தா ஒண்ணு ரெண்டு எம்பிதான் இருக்கும். ஈவென்ட் வியூவர்ல 129, 153ன்னு டிஸ்க் சம்பந்தமான வார்னிங் வரிசையா நிக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு சி7ங்கிற வரியைப் பாருங்க, அது சிஆர்சி எரர் எண்ணிக்கை, அதாவது கேபிள்ல டேட்டா எத்தனை தடவ தப்பா போச்சுங்கிற கணக்கு. அந்த நம்பர் ஒருநாளும் குறையாது, அதனால இன்னிக்கு எழுதி வெச்சுட்டு, கேபிள மாத்திட்டு ஒரு நாள் ஓட்டிட்டுப் பாருங்க, ஏறாம நின்னுட்டா வேலை முடிஞ்சது. தலை பக்கவாட்டுல வளைஞ்ச சாட்டா கேபிள் கிடைக்கும், நீளமான கார்டுக்கு அதுதான் வசதி. கையோட ரேமையும் ஒருமுறை கழட்டி மாட்டுங்க.

எது பண்ணாலும் ஒண்ணு பண்ணிட்டு, ஓட்டிப் பார்த்துட்டு, அடுத்ததுக்குப் போங்க. பழைய கார்டைப் போட்டும் மந்தம் அப்படியே இருந்தா, புது கார்டு நிரபராதின்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கேள்வி: ஏஎம்டி கார்டை எடுத்துட்டு என்விடியா போட்டேன் அண்ணா. எனக்கு ரீஸ்டார்ட் ஆகல, ஆனா வீடியோ எடிட் பண்ணும்போது ஸ்கிரீன் ரெண்டு மூணு செகண்ட் கருப்பாகி திரும்ப வருது. இதுவும் எஸ்எம்பிஎஸ்தானா?

பதில்: முதல் சந்தேகம் டிரைவர் மேலதான் வைக்கணும். கார்டு 2 செகண்டுக்கு மேல பதில் சொல்லலன்னா விண்டோஸ் அதோட டிரைவரை ரீசெட் பண்ணும், அந்தக் கருப்பு அதுதான், லாக்ல 4101னு விழுந்திருக்கும். ஏஎம்டி டிரைவர் மிச்சம் மீதி உள்ள கிடந்து சண்டை போடுதோ என்னமோ. டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் டவுன்லோட் பண்ணிக்கோங்க, என்விடியா டிரைவரையும் முன்னாடியே இறக்கி வெச்சுக்கோங்க, அப்புறம் நெட்ட கட் பண்ணிட்டு சேஃப் மோடுல போய் ரெண்டு கம்பெனி டிரைவரையும் துடைச்சுட்டு புதுசு போடுங்க. நெட்ட ஏன் கட் பண்ணச் சொல்றேன்னா, நீங்க துடைச்சு முடிக்கிறதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரை இறக்கிடும். அதுக்கப்புறமும் வந்தா கார்டுல, ரேம்ல ஓவர்கிளாக் (ரேட்டிங்க விட வேகமா ஓட்டுறது) எதாவது வெச்சிருந்தா எடுத்துடுங்க, ரேமை வேகமா ஓட்டுற எக்ஸ்எம்பி செட்டிங்கும் ஓவர்கிளாக்தான், பல பேர் அதை மறந்துடறாங்க.

கேள்வி: புது கார்டு போட்டும் கேம்ல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) பழைய மாதிரியே இருக்கு, ஒரு ஃப்ரேம் கூட ஏறல. ஏமாந்துட்டேனா?

பதில்: மானிட்டர் கேபிள் எங்க சொருகியிருக்குன்னு பின்னாடி போய்ப் பாருங்க. மதர்போர்டு எச்டிஎம்ஐல இருந்தா கார்டு சும்மா உக்காந்திருக்கும், கீழ படுக்கைவசமா இருக்கிற கார்டோட போர்ட்ல மாத்துங்க. அது சரியா இருந்தா கார்டு எந்த ஸ்லாட்ல இருக்குன்னு பாருங்க, ப்ராசசருக்குப் பக்கத்துல இருக்கிற மேல் ஸ்லாட்தான் வேணும், கீழ இருக்கிறது பார்க்க அதே நீளமா இருந்தாலும் பல போர்டுல 4 லேன், அதாவது டேட்டா போற 4 பாதைதான் கொடுக்கும். ஜிபியு இசட் சாஃப்ட்வேர்ல பஸ் இன்டர்ஃபேஸ்னு ஒரு கட்டம் இருக்கும், சும்மா இருக்கும்போது பிசிஐ 1.1னு காட்டினா பயப்பட வேணாம், அது கரண்ட் மிச்சம் பண்ண இறங்கி நிக்குது, பக்கத்துல இருக்கிற கேள்விக்குறியை அழுத்தி டெஸ்ட் ஓடவிட்டா உண்மை தெரியும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டுங்க பிறவியிலேயே 4 லேன்தான், அதை பிசிஐ 3.0 போர்டுல போட்டா நஷ்டம் நல்லாவே தெரியும். இதெல்லாம் சரியா இருந்து கேம்ல கார்டு 50 சதவீதம்தான் வேலை செய்யுதுன்னா, ஒண்ணு ஃப்ரேமை மானிட்டர் வேகத்துக்கு அடக்குற வி சிங்கோ ஃப்ரேம் லிமிட்டோ ஆன்ல இருக்கும், இல்ல ப்ராசசர் மூச்சு வாங்குது. ப்ராசசர்தான்னா ரெசொல்யூஷனையும் தரத்தையும் ஏத்தி விடுங்க, எஃப்பிஎஸ் அதே அளவுல நிக்கும், படமாவது நல்லா தெரியும்.

கேள்வி: கார்டை நிமிர்த்தி வெக்கிற மாதிரி, ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கிற ரைசர் கேபிள் போட்டேன். அப்பப்ப ஹேங் ஆகுது. லாக் முழுக்க டபிள்யூஎச்இஏ 17.

பதில்: அந்த 17, கார்டுக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா தப்பிச் சரியாச்சுன்னு விண்டோஸ் எழுதுற வார்னிங். கார்டு பிசிஐ 4.0, உங்க ரைசர் பிசிஐ 3.0க்கு செஞ்சதா இருக்கும். பயாஸ்ல அந்த ஸ்லாட்டோட வேகத்தை ஆட்டோல இருந்து ஜென் 3க்கு, அதாவது 3.0க்கு மாத்துங்க. 16 லேன் கார்டுல வேகம் குறைஞ்சதே தெரியாது. அப்படியும் வார்னிங் வந்தா ரைசரை எடுத்துட்டு நேரா ஸ்லாட்ல போட்டுப் பாருங்க, அதுல வார்னிங் நின்னுட்டா ரைசர்தான் கெட்டது.

கேள்வி: இன்டெல் ஆர்க் கார்டு போட்டேன், கேம் திக்கித் திக்கி ஓடுது. ப்ராசசர் கார்டோட மெமரி முழுசையும் ஒண்ணா பாக்க விடுற ரீசைசபிள் பார் ஆன் பண்ணச் சொன்னாங்க. அதுக்காக பயாஸ்ல சிஎஸ்எம் (பழைய முறையில பூட் ஆக விடுற ஆப்ஷன்) ஆஃப் பண்ணேன், இப்ப விண்டோஸே வரல.

பதில்: பயப்படாதீங்க, ஒண்ணும் அழியல. உங்க டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய பார்ட்டிஷன் முறையில இருக்கு, சிஎஸ்எம் இல்லாம அதுல இருந்து பூட் ஆகாது. சிஎஸ்எம்ம திரும்ப ஆன் பண்ணா விண்டோஸ் வந்துடும். முக்கியமான ஃபைல் எல்லாம் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு, எம்பிஆரைப் புது ஜிபிடி முறைக்கு மாத்துற, விண்டோஸோடவே வர்ற எம்பிஆர்2ஜிபிடி கருவியில முதல்ல வேலிடேட் கொடுங்க, அது சரின்னு சொன்னா மட்டும் கன்வெர்ட் கொடுங்க. அப்புறம் சிஎஸ்எம் ஆஃப், அபவ் 4ஜி டீகோடிங் ஆன், ரீசைசபிள் பார் ஆன். ஆர்க் கார்டுக்கு இது கட்டாயம் மாதிரிதான், மத்த கார்டுல கொஞ்சம் லாபம் வரும் போகும், ஆர்க்ல இது இல்லாட்டி நீங்க சொல்ற அதே திக்கல்தான். உங்க மதர்போர்டு பயாஸ்ல அந்த ஆப்ஷனே இல்லன்னா, கன்வெர்ட் எல்லாம் பண்றதுக்கு முன்ன பயாஸ் அப்டேட் வந்திருக்கான்னு பாருங்க.