கூடங்குளத்தில் நான்கு வாரம்: கேட்டவர்களுக்குப் பதில்

திருமங்கலம் என் ஊர். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் பயிற்சிக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து இளைய மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா, அணு உலையைக் கண்ணால் பார்த்தீர்களா? (முதலாண்டு மாணவர், மேலூர்)

இல்லை, தம்பி. உலைக் கட்டடத்தின் குவிமாடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. பயிற்சி மையத்தில், கட்டுப்பாட்டு அறையை அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கும் சிமுலேட்டரை ஒருநாள் காட்டினார்கள். மற்ற நாளெல்லாம் நீராவியால் சுழலும் டர்பைன் இருக்கும் கட்டடம், பம்பு, வேலை முடிந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சர். முதல் வாரம் எனக்கு முகம் தொங்கிப்போனது. இதற்காகவா மாட்டுத்தாவணியில் விடியற்காலை பஸ் பிடித்து வந்தோம் என்று இருந்தது.

டர்பைன் பக்கம் கதிர்வீச்சு இருக்காதா? (மூன்றாமாண்டு மாணவி, உசிலம்பட்டி)

கூடங்குளத்தில் இருப்பது ரஷ்ய வடிவமைப்பிலான விவிஇஆர்-1000 என்ற உலை. அதில் தண்ணீர் இரண்டு தனித்தனிச் சுற்றாக ஓடுகிறது. முதல் சுற்றுத் தண்ணீர் 163 எரிபொருள் தொகுதிகளின் ஊடே பாய்ந்து சுமார் 320 டிகிரி வரை சூடாகிறது. ஏறத்தாழ 155 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடக்கி வைத்திருப்பதால் கொதிப்பதில்லை. நீராவி ஜெனரேட்டருக்குள், குழாய்ச் சுவரின் மறுபக்கம் இருக்கும் இரண்டாம் சுற்றுத் தண்ணீரை இது ஆவியாக்குகிறது. இரண்டும் கலப்பதில்லை; கதிரியக்கம் முதல் சுற்றோடு நின்றுவிடுகிறது. டர்பைனைச் சுழற்றுவது இரண்டாம் சுற்றின் ஆவி. அதனால்தான் என்னைப் போன்ற மாணவர்களை அங்கே விட்டார்கள்.

பெண்பிள்ளையை நம்பி அனுப்பலாமா அம்மா? பின்னால் உடம்புக்கு ஒன்றும் வராதே? (ஒரு தாயார், வாடிப்பட்டி)

என் அம்மாவும் இதையேதான் கேட்டார். கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கே ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரம்பு. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. மார்பில் அணியும் டிஎல்டி என்ற கதிர்வீச்சு அளக்கும் அட்டை அந்தக் கணக்கை வைத்துக்கொள்கிறது. நிலையத்தால் பொதுமக்களுக்கு வரக்கூடியதற்கு வரம்பு ஆண்டுக்கு 1. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம் உடம்பில் விழுவதே உலகச் சராசரியில் 2.4. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்திருப்பதால் அங்கே அது இன்னும் கூடுதல். எனக்குக் கூடங்குளத்தில் கதிர்வீச்சைவிடத் தங்குமிடம்தான் பெரிய கவலையாக இருந்தது. அதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு அனுப்புங்கள்.

3000 மெகாவாட் வெப்பத்துக்கு 1000 மெகாவாட் மின்சாரம்தானா? மீதி எங்கே போகிறது? (இரண்டாமாண்டு மாணவர், திருப்பரங்குன்றம்)

கடலுக்குப் போகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நீராவி 540 டிகிரி வரை போகும். இங்கே 280ஐக்கூடத் தொடாது. முதல் சுற்றுத் தண்ணீர் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வெப்பநிலைக்கு அங்கேயே அணை போட்டுவிடுகிறது. ஆவியின் சூடு குறைந்தால் மின்சாரமாக மாறும் பங்கும் குறையும் என்று வெப்ப இயக்கவியல் பாடத்தில் மனப்பாடம் செய்த கார்னோ சூத்திரம், கண்டென்சர் அருகே வியர்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. குளிர்விக்கும் கடல்நீரோடு சொறிமீனும் சிப்பியும் வந்து தொல்லை கொடுக்கும் என்பது இன்னொரு கதை. அணுமின் நிலையத்தில் மீன்களைப் பற்றி இவ்வளவு பேசுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

உருப்படியாக என்ன கற்றுக்கொண்டீர்கள்? (அதே உசிலம்பட்டி மாணவி)

ஒரு பம்பின் பேரிங்கை மாற்றுவதைப் பார்த்தேன். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே ஒன்றரை மணி நேரம் காகித வேலை. பணி அனுமதிச் சீட்டு வந்தது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கரில் பூட்டுப் போட்டார்கள். இரண்டு பக்க வால்வையும் மூடிச் சிவப்பு அட்டை கட்டினார்கள். வடிகாலைத் திறந்து, அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டெக்னீஷியன், ஒவ்வோர் அட்டையின் மேலும் விரலை வைத்து எண்ணை வாய்விட்டுப் படித்தார். பல ஆண்டுகளாகத் தெரிந்த வால்வுதான் என்றாலும் படித்தார். கடைசியாக மோட்டாரின் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று பார்த்த பிறகுதான் கைவைத்தார். என் குறிப்பேட்டில் ஒரு வால்வு எண்ணில் நான் எழுதிய 3 பார்க்க 8 போல இருந்தது. “திரும்பப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டார். மூன்று மாடி ஏறி இறங்கினேன். கல்லூரி ஆய்வகத்தில் அளவீட்டைப் பக்கத்து மாணவியிடம் பார்த்து எழுதும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

எப்படி விண்ணப்பிப்பது? தெரிந்தவர்கள் வேண்டுமா? (பலர்)

கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தோடு நேரே நிலையத்துக்கே எழுதுங்கள். என்னிடம் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் கேட்டார்கள். அது கைக்கு வர நாளாகும், முன்பே தொடங்குங்கள். ‘இடம் வாங்கித் தருகிறோம்’ என்ற ஒருவரிடம் நான் 3,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அந்தப் பணம் காந்தி கணக்கில் சேர்ந்துவிட்டது. நீங்களும் சேர்க்க வேண்டாம்.

உதவித்தொகை? வேலை? (பலர்)

எனக்கு ஒரு ரூபாயும் தரவில்லை. பயிற்சிக்குப் போனவர் என்பதற்காக வேலையும் தரமாட்டார்கள். இந்திய அணுமின் கழகம் இளம் பொறியாளர்களை கேட் (GATE) என்ற பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்கு அழைக்கிறது. அதற்குப் படியுங்கள்.

இடிந்தகரை மக்கள் போராடினார்களே, அவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்)

பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஐயா. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குப் பக்கத்தில் உலை எழும்புவதைக் கண்டவருக்குப் பயம் வராமல் இருக்குமா? மின்சாரம் இல்லாமலேயே வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு இங்கே உண்டு. உருகிய எரிபொருளைத் தாங்கிக்கொள்ளும் தொட்டி உலைக்கு அடியில் உண்டு. இதையெல்லாம் எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள். டீக்கடையில் என்னிடம் பேசிய மீனவப் பெண்மணி, தமக்கு யாரும் அப்படி உட்கார்ந்து சொன்னதில்லை என்றார். அவரிடம் எனக்குப் பதில் இல்லை.

பக்கத்திலேயே இவ்வளவு கரண்ட் எடுத்தும் நம் தெருவில் ஏன் போய்ப்போய் வருகிறது? (மளிகைக்கடை அண்ணாச்சி)

அண்ணாச்சி, கூடங்குளத்து மின்சாரம் கர்நாடகம், கேரளம், புதுச்சேரிக்கும் பங்காகிறது. முதல் இரண்டு உலைகளில் நமக்கு ஏறத்தாழப் பாதி. ஆனால் உங்கள் கடைக்கு அது காரணமில்லை. முனையிலுள்ள கம்பியில் வேப்பங்கிளை உரசுகிறது. லைன்மேனிடம் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை வெட்டுகிறாராம்.