மாணவர்களின் நிரல் தரத்தை உயர்த்த தானியங்கிப் பின்னூட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது?

பைத்தான் வகுப்பை வைத்துச் சொல்கிறேன். டெஸ்ட் எல்லாம் பாஸானால் வேலை முடிந்தது என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். அதைச் சரிசெய்ய நிரலை ஓட்டாமலேயே படித்துக் குறைகளைச் சுட்டும் லின்ட்டர் வகை டூலான பைலிண்ட்டை அப்படியே ஓடவிட்டால், சின்ன நிரலுக்கே பக்கம் நிறைய எச்சரிக்கை கொட்டும். பாதி டாக்ஸ்ட்ரிங் (ஃபங்ஷனை விளக்கும் குறிப்பு) இல்லாதது, வரி முடிவில் மிஞ்சிய இடைவெளி பற்றியது. யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் எல்லா விதிகளையும் அணைத்துவிட்டு ஐந்தாறை மட்டும் இயக்குங்கள். என் தேர்வு: எந்தப் பிழை என்று சொல்லாத எக்செப்ட், டிஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட், பயன்படாத வேரியபிள், ரிட்டர்னுக்குப் பின் தேவையற்ற எல்ஸ், ஒரே ஃபங்ஷனில் அதிகக் கிளைகள் (இஃப், எல்ஸ் போன்ற பிரிவுகள்). கிளைகளுக்கு பைலிண்ட்டின் இயல்பு வரம்பு 12. தொடக்க நிலைக்கு 7 போதும். இடைவெளி, வரி நீளமெல்லாம் நிரலின் வடிவத்தைத் தானாகச் சீராக்கும் பிளாக் ஃபார்மேட்டர் பார்த்துக்கொள்ளும்.

டூல் தரும் ஒற்றை வரியோடு காரணத்தையும் எழுதிச் சேருங்கள். இதுதான் உண்மையான கற்பித்தல். உதாரணமாக: "டிஃபால்ட் லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே முறைதான் உருவாகிறது. இரண்டு முறை அழைத்துப் பாருங்கள், முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாவதிலும் இருக்கும்." ஓட்டிப் பார்த்த மாணவர் அதை மறக்க மாட்டார்.

பைலிண்ட் பத்துக்குத் தரும் ஸ்கோரை மதிப்பெண்ணாக்காதீர்கள். எச்சரிக்கைகளை ஸ்டேட்மென்ட் எண்ணிக்கையால் வகுத்துக் கழிக்கும் கணக்கு அது. எரர் ஒன்று ஐந்தாக எண்ணப்படும். பத்து ஸ்டேட்மென்ட் நிரலில் நான்கு சிறு எச்சரிக்கை வந்தாலே 6 ஆகிவிடும். நூறு இருந்தால் அதே நான்குக்கு 9.6. ஸ்கோருக்காக "இது ஒரு ஃபங்ஷன்" என்று டாக்ஸ்ட்ரிங் எழுதுவார்கள், கிளைகளைக் குறைக்க பகுதி1, பகுதி2 என்று ஃபங்ஷனை வெட்டுவார்கள். கெடுவுக்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பித்துத் திருத்த விடுங்கள்; கடைசிச் சமர்ப்பிப்பில், சொல்லிக்கொடுத்த விதிகளை மட்டும் பாருங்கள்.

ஒரே கோப்புக்குள் காப்பி பேஸ்ட் செய்ததை பைலிண்ட் பிடிக்காது. அதன் நகல் சோதனை கோப்புகளுக்கு இடையே மட்டும்தான். ஒரே கோப்புக்குள் பிடிக்க, பிஎம்டி என்ற நிரல் சோதனை டூலோடு வரும் சிபிடி என்ற நகல் கண்டறியும் டூல் இருக்கிறது. எத்தனை டோக்கன் (பெயர், குறி போன்ற நிரலின் சிறு துண்டு) ஒத்திருந்தால் நகல் என்ற குறைந்தபட்ச அளவை நாம்தான் தர வேண்டும். குட்டி நிரல்களுக்கு 100 அதிகம், 40 அளவில் தொடங்கலாம். பெயர் பொருத்தமாக இருக்கிறதா என்பது எந்த லின்ட்டருக்கும் புரியாது. ஆளுக்கு ஒரு ஃபங்ஷனையாவது நீங்களே படித்து எழுதத்தான் வேண்டும்.

காரணத்தைக் கமெண்டில் எழுதினால் மாணவர் விதியை அணைக்க அனுமதியுங்கள். பலர் ஒரே விதியை அணைத்தால் வரம்பையும், நீங்கள் கொடுத்த தொடக்க நிரலையும் சோதியுங்கள். பல நேரம் எச்சரிக்கை அதிலிருந்துதான் வரும்.