14 அடி லாரி வாங்கும் முன்: எந்த எடை, எந்த வழி?

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கேட்டரிங்கும் கல்யாண மேடை அலங்காரமும் செய்கிறோம். இதுவரை ஒரு வேனை வைத்துச் சமாளித்தோம். இப்போது பழைய 14 அடி டீசல் லாரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பாத்திரம் ஏற்றி இறக்க, லாரியின் பின்னால் ஏறி இறங்கும் தட்டு, அதாவது டெயில்கேட், பொருத்தலாம் என்றும் எண்ணம். என் கணவரிடம் கிளாஸ் 3 லைசன்ஸ்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தம்பி, "லாரிக்கென்று தனி வழி வரைபடம் இருக்கும், முதலில் அதைப் பார்" என்கிறான். சிங்கப்பூரில் அப்படி உண்டா? எடை விதிகளில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் தம்பி சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே பல நகரங்களில் கனரக வண்டிகள் எந்தெந்தச் சாலையில் போகலாம் என்று வரைபடமே போட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் சாதாரணச் சரக்கு லாரிக்கு அப்படி ஒரு வழி குறித்துத் தருவதில்லை. பொதுச்சாலை எதிலும் போகலாம். எங்கே போகக் கூடாதோ அங்கே பலகை இருக்கும். ஆனால் எவ்வளவு வேகத்தில் போகலாம், எவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும், இரவில் எங்கே நிறுத்தலாம், யார் ஓட்டலாம் என்பதையெல்லாம் எடைதான் முடிவு செய்கிறது.

இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். எடை என்று ஒரே வார்த்தையைச் சொல்கிறோம், விதிகளிலோ அது இரண்டு. ஒன்று, சரக்கில்லாத வெறும் வண்டியின் எடை. இன்னொன்று, வண்டியும் சரக்கும் ஆட்களும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற எடை. இரண்டும் வண்டியின் பதிவு விவரங்களில் இருக்கும். லாரி விற்பவரிடம் விலையைப் பேசுவதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

லைசன்ஸுக்கு வெறும் எடைதான் கணக்கு. கிளாஸ் 3 வைத்திருப்பவர் 2,500 கிலோ வரை வெறும் எடையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம். அதைத் தாண்டினால் கிளாஸ் 4, 7,250 கிலோவையும் தாண்டினால் கிளாஸ் 5. 14 அடி லாரிகளில் 2,500-க்கு உட்பட்டதும் மேற்பட்டதும் விற்பனைக்கு வருகின்றன, நீளத்தைப் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. (மின்லாரி பக்கம் மனம் போனால் பேட்டரி எடை காரணமாகக் கணக்கு மாறும், அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் டெயில்கேட் யோசனைதான் எனக்குக் கவலை. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். 2,460 கிலோ லாரி, ஓட்டுநரிடம் கிளாஸ் 3, எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதலாளி ஆசைப்பட்டு டெயில்கேட் பொருத்தினார். இரும்புத் தட்டும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து வண்டி 2,700-ஐத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஓட்டுநர் தகுந்த லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினார் என்றாகிவிட்டது, அவருக்கே அது தெரியாது. நல்ல மனிதர், பதினெட்டு வருடம் ஒரு கீறல் கூடப் போடாதவர். சோதனையில் மாட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த நிலையில் ஒரு விபத்து நடந்திருந்தால் காப்பீடும் கைகொடுத்திருக்காது. ஆகவே, பொருத்துவதற்கு முன் அதன் எடையைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். இப்படி வண்டியில் மாற்றம் செய்ய நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

அடுத்தது அதிகபட்ச எடை. இதில் உங்களுக்கு முக்கியமான கோடு 3,500 கிலோ. அதற்குள் இருந்தால் இலகு ரகம், விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். தாண்டினால் கனரகம், 60தான். மின்னியல் சாலைக் கட்டணமும் கார் கட்டுவதைப் போல ஒன்றரை மடங்கு ஆகும், 16,000 கிலோவுக்கு மேலென்றால் இரண்டு மடங்கு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முன்பு 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத்தான் கட்டாயம். இப்போது 3,501 முதல் 12,000 கிலோ வரையிலான லாரிகளும் படிப்படியாக அதற்குள் வருகின்றன. முதல் கட்டம் 2026 ஜனவரி 1, அது 2018-க்கு முன் பதிவான 5,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு. நீங்கள் வாங்குவது பழைய வண்டி என்பதால் கருவி ஏற்கெனவே பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பத்து வயதைத் தாண்டிய லாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

5,000 கிலோ இன்னொரு கோடு. அதற்கு மேல் போனால் வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழே வேனை நிறுத்துவது போல இதை நிறுத்த முடியாது. கனரக வண்டிக்கான நிறுத்துமிடம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம். விடியற்காலை நான்கு மணிக்குச் சமையல் ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய பாடு. என்னைக் கேட்டால், உங்கள் தொழிலுக்கு 5,000-க்குள் இருக்கும் வண்டியே போதும்.

சரி, எவ்வளவு ஏற்றலாம்? ஓர் உதாரணக் கணக்கு. வெறும் எடை 2,480, அதிகபட்சம் 4,900 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2,420 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் 140 என்றால் சரக்குக்கு 2,280. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையாகக் கணக்குப் போட்டால் 91 மூட்டை. இதே வண்டியில் 300 கிலோ டெயில்கேட் ஏறினால் 79 மூட்டைதான், கிளாஸ் 3-உம் போச்சு. குழம்பு அண்டா, சாம்பார் கேன், ஐஸ் பெட்டி எல்லாம் பார்வைக்குச் சின்னதாகத்தான் தெரியும். ஒரு பெரிய விருந்துக்கு ஏற்றியபின் ஒரு தடவையாவது எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

கொஞ்சம் கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை தனியாகச் சாலை போட்டு, அதில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் விழும் எடை கூடக்கூட, சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று அதிலிருந்து தெரியவந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. பத்தே சதவீதம் கூடினாலும் சேதம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பிரேக் பிடிக்கும் தூரம் நீள்வது அதற்கு மேல். மழை நாளில் கனத்த லாரி நிற்காமல் வழுக்கிப் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

எடைப் பலகைக்கு இந்த ஊரில் நீண்ட கதை உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் மேல் கெவனாக் பாலத்துக்குப் போனால், மூன்று ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 152 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும், எந்த மாடும் குதிரையும் வரக் கூடாது என்ற அறிவிப்பை இன்றும் பார்க்கலாம். 1869-இல் கட்டிய பாலம். போக்குவரத்தைத் தாங்க முடியாமல் போனதால் 1910-இல் ஆண்டர்சன் பாலம் வந்தது, கெவனாக் பாலம் நடப்பவர்களுக்கு ஆனது.

வழிக்கு வருவோம். இங்கே லாரியின் வழியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எடையைவிட உயரம். சரக்கோடு சேர்த்து 4.5 மீட்டரைத் தாண்டினால் அனுமதியும் துணை வாகனமும் இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது. கேட்டரிங் சாமானில் அந்த உயரம் வராது, மேடை அலங்காரத்தில் வரலாம். கோபுர வடிவ அலங்காரத்தை நிற்க வைத்தபடி ஏற்றினால், பாதசாரி மேம்பாலத்தில் இடிக்கும். படுக்க வைத்துக் கட்டுங்கள், கிளம்பும் முன் டேப் பிடித்து அளந்து, அளவை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். அப்புறம், மண்டபங்களின் சரக்கிறக்கும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி உயர வரம்பு உண்டு. ஆர்டர் எடுக்கும்போதே மண்டபத்தாரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் பேட்டைத் தெருக்கள் குறுகல். கேம்பல் லேனில் வண்டி விட முடியாது. பேருந்துத் தடத்தில் வார நாள் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நுழையாதீர்கள், முழுநாள் தடமென்றால் ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர நாள் முழுக்கவே கூடாது. விரைவுச்சாலையில் இடது ஓரத் தடத்திலேயே ஓட்டப் பழகுங்கள்.

உங்கள் தம்பி சொன்னது போன்ற குறித்த வழி இங்கேயும் ஒரு விஷயத்துக்கு உண்டு. தீப்பிடிக்கும் பொருள்களைப் பெரிய அளவில் ஏற்றும் வண்டிகளுக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமமும் அது ஒப்புக்கொண்ட வழியும் நேரமும் வேண்டும், சுரங்கச்சாலைகளில் நுழையவும் முடியாது. கேட்டரிங் என்றால் கேஸ் சிலிண்டர் இருக்கும். எனவே விருந்து நடக்கும் இடத்துக்கே சிலிண்டரைக் கொண்டுவந்து தரும்படி கேஸ் விற்பனையாளரிடமே ஏற்பாடு செய்துகொள்வதுதான் நல்லது.

பின்தட்டில் ஆள் ஏற்றுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொழிலாளர்களை வேலைக்காக ஏற்றிச் செல்லலாம். கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் இருக்க வேண்டும், ஒருவருக்கு எட்டுச் சதுர அடி இடம் வேண்டும். மேளக்காரர்களையோ மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்களையோ, பக்கத்து மண்டபம்தானே என்று ஏற்றக் கூடாது.