காசு கொடுத்து சைக்கிள் ஓட்டணுமா?

கேள்வி: 200 கி.மீ. ‘பிரவே’ (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போகக் கட்டணம் கேட்கிறார்கள். அதே தேசிய நெடுஞ்சாலையில் சும்மாவே ஓட்டலாமே? இது லாபமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: சாப்பாடு, பின்னால் வேன், பஞ்சர் போட ஆள் எல்லாம் எதிர்பார்த்தால் நஷ்டம்தான். பிரவேயில் எதுவும் கிடையாது. கட்டணம் பாதை, வழியில் நீங்கள் வந்ததைக் குறிக்கும் சாவடிப் பதிவு, அங்கீகாரம் ஆகியவற்றுக்கு மட்டும். மெடல் பெரும்பாலும் தனிக்காசு. பந்தயமும் அல்ல. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், அதாவது டீ குடிக்க நிற்பதையும் சேர்த்து மணிக்குச் சுமார் 15 கி.மீ. வேகத்தில், முடித்தால் போதும். ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 கி.மீ. பிரவேக்களை முடித்து ‘சூப்பர் ராண்டனர்’ என்ற பட்டம் வாங்க நினைப்பவருக்கு அந்தக் கட்டணம் மலிவு. உடம்பு தாங்குமா என்று பார்க்க மட்டுமென்றால், முதலில் கிருஷ்ணகிரி–தர்மபுரி போய்த் திரும்புங்கள். ஏறத்தாழ 100 கி.மீ., செலவு டீக்காசு.

பிரவே அல்லாமல், ஜெர்சி, மெடலைக் காட்டிப் பெரிய தொகை கேட்கும் வேறு நிகழ்வென்றால், தண்ணீர் எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை, கடைசி ஆள் வரை வண்டி வருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மிச்சமாகும் காசில் இரண்டு டியூப், பம்ப், நல்ல முன்விளக்கு வாங்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பிதான் பெரிய தொல்லை. அது சைக்கிள் டயரில் குத்தி உள்ளேயே ஒளிந்திருக்கும். துணியால் உட்புறம் துடைத்துக் கம்பியைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால், கொஞ்ச தூரத்தில் அதுவும் போகும். தொப்பூர் இறக்கத்தை மட்டும் இருட்டில் தொடாதீர்கள்.